கை நீளம்

துபாய்க்கு முழங்கை வரை.
குவைத்துக்கு மணிக்கட்டு.
ரியாத்துக்கு மணிக்கட்டோடு கழுத்தும்,
கூந்தல்மேல் ஒரு துணியும்.
மூன்று கோப்புகள். ஒரே யானா,
ஒரே தரை துடைக்கும் கட்டை.

ஏழாம் மாடியில் ஒழுங்குக் குழு.
வெளியிலிருந்து யாரும் கேட்பதற்குள்
நம்மை நாமே கேட்டுக்கொள்வோம் என்கிறார் வலீத்.
ஐந்து கழுத்துப்பட்டைகள்,
ஒரு மூடிய லேப்டாப்.
அது மார்செல் மேடத்தினுடையது,
நாலு மணிக்கு அவருக்கு வேறு கூட்டம்.
பெரிய திரையோடு இணைத்த என் மவுஸ் மட்டும்
இந்த அறையில் நகர்கிறது.

இன்னும் ஒரு இஞ்ச், என்கிறார் ஒருவர்.
இழுக்கிறேன்.
பூப்போட்ட பருத்தி
யானாவின் தோலைத் தின்றபடி இறங்குகிறது.
தமிழில் கை நீளம் என்றால் வேறு அர்த்தம்,
இவர்களுக்கு அதை எப்படிச் சொல்ல.

இடுப்பு வளைவு?
குறைக்கவும்.
உதடு?
கொஞ்சம் மங்கலாக.
'அம்மா தொட்டால் வீடு மின்னும்',
வாசகத்தில் ஆட்சேபம் இல்லை.
சோபாவில் கால் நீட்டிய கணவன்
பேப்பரை இறக்கிவிட்டுப் புன்னகைப்பதிலும்
ஆட்சேபம் இல்லை.
தொண்டையைச் செருமினேன்.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

தண்ணீர் கொண்டுவந்த தவமலர்,
மட்டக்களப்புக்காரி,
திரையை ஒரு தரம் பார்த்தாள்.
'இப்பிடிப் பிடிச்சுத் துடைச்சா
தோள்மூட்டு போயிடும் பிள்ளை.'
எனக்கு மட்டும் கேட்கும்படி.
குறிப்பேட்டில் அது ஏறவில்லை.

உண்மைதான்.
படப்பிடிப்பில் யானாவுக்குத் துடைக்க வரவில்லை.
ஈரம் திட்டுத்திட்டாய்க் காய்ந்து
கேமராவில் அசிங்கமாய் விழுந்தது.
விளக்குப் பையன் பினோய்
பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு
முழுத் தரையையும் துடைத்துக் கொடுத்தான்.
அவன் விலகி முடிக்காத நொடியில் எடுத்த படம்தான்
கடைசியில் தேர்வானது.
யானாவின் சிரிப்பு அதில் நன்றாக இருந்ததாம்.
அவனை அன்றே அழித்துவிட்டேன்,
அது என் சம்பளம்.
ஆனால் பளபளக்கும் தரைக்குள்
இன்னும் நிற்கிறான், தலைகீழாய்,
கையில் கட்டையோடு.

ஆறு பேரும் அதைப் பார்க்கவில்லை.
அவர்கள் கைகளையே அளந்துகொண்டிருந்தார்கள்.

முத்திரை விழுந்தது:
பொறுப்புடன், சுயமாகச் சரிபார்க்கப்பட்டது.
அறை காலியானது.
அவனைத் துடைக்க இரண்டு நிமிடம் போதும்.
மவுஸின்மேல் கிடந்த என் கையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அப்படியே சேமித்தேன்.
மூன்று நாட்டுக்கும்.

இப்போது அல் கூஸ் திருப்பத்தில்
நாற்பதடி யானா, முழங்கை வரை.
கம்பெனி பஸ்ஸில் இடது பக்கத்து ஜன்னலுக்காக
தினமும் சீக்கிரம் கிளம்புகிறேன்.
பினோய் நிற்கும் மூலையை
ஒரு பேரீச்சை மறைக்கிறது.

திங்கட்கிழமை ஓலை கழிக்க
ஏணியோடு ஒருவன் வந்திருந்தான்.
இரண்டு மட்டை விழுந்தது.
மூன்றாவதுக்கு அரிவாளை ஓங்கினான்,
சிக்னல் பச்சையாகிவிட்டது.