சிக்கு, பாதி

எல் ஆல்டோவில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
மூச்சைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.
சுகாதார மையத்தின் பின்னறை எங்களுடையது.
தடுப்பூசிப் பெட்டிகளுக்கும் ஆடுகிற எடைமேசைக்கும் நடுவே
செவ்வாய்தோறும் ஒன்பது பிள்ளைகள்,
ஒரு பொம்போ முரசு, பை நிறைய மூங்கில்.

தலைமையகம் முகங்களை அனுப்பியிருந்தது.
அட்டையில் அச்சடித்த மஞ்சள் முகங்கள்:
சிரிப்பு, அழுகை, கோபம், பயம்.
"இன்று நீ எது?"
ஒன்பது விரல்களும் சிரிப்பைத் தொட்டன.
பசியோடு வந்த நெய்தா தொட்டாள்.
முந்தின நாள் நாயைப் புதைத்த எல்மெர் தொட்டான்.
விருந்துக்குப் போன இடத்தில்
'சாப்பிட்டாச்சு' என்பதுபோல
மரியாதையாகத் தொட்டார்கள்.

அட்டைகளை மடித்து
எடைமேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
அதற்குச் சரியாக இருந்தன.

"சொல்ல வேண்டாம். அடி."

நெய்தா விரல்நுனிகளால் படபடவென்று அடித்தாள்.
ராத்திரி யாரோ கதவைத் தட்டினால் இப்படி, என்றாள்.
எல்மெர் ஒரே ஓர் அடி. திம்.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.
நடுவில் இருந்ததுதான் நாய்.
குட்டி யோசெலின் தோலை நகத்தால் சுரண்டினாள்,
குறுகுறுவென்று:
பக்கத்து வீட்டுச் சைக்கிளில் கேட்காமல் ஏறினாளாம்.

லிம்பெரைப் பற்றிப் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு:
மூக்கு நுனியில் கோபம். இரண்டு நாற்காலி, ஒரு சன்னல்.
புது முரசு என்ன விலையென்று
மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
அவன் அடிக்கவில்லை.
இரண்டு உள்ளங்கைகளையும் தோலின்மேல் விரித்து அழுத்தினான்.
"நீ அடி," என்றான் எல்மெரிடம்.
எல்மெர் அடித்தான். பொத்.
"இன்னும் பலமா."
பொத்.
"இதான் எங்க வீடு," என்றான் லிம்பெர்.
"அப்பா கலாமா சுரங்கத்துக்குப் போனதுலேருந்து."

வெளியே மினிபஸ்ஸில் தொங்கியபடி ஒருத்தன்
ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் கூவிக்கொண்டு போனான்.
நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருந்தது.
வாய்க்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய் மூங்கிலைப் பிரித்தேன்.
சிக்கு ஒருவர் ஊதி முடிகிற குழலல்ல.
ஒரு பாதியில் ஆறு மூங்கில், மறுபாதியில் ஏழு.
சுரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாய்ப் பங்கு போட்டிருக்கும்.
அவன் ஒன்று, இவள் ஒன்று,
மாற்றி மாற்றித் தைத்துக்கொண்டே போக வேண்டும்.
முன்னே போகும் பாதிக்கு அய்மாரா மொழியில் இரா.
பின்னால் வருவது அர்க்கா.

லிம்பெர் கையில் ஆறு மூங்கிலை வைத்து
"இரா" என்றேன். சிரித்துவிட்டான்.
ஸ்பானியத்தில் அதற்குக் கோபம் என்று பொருள்.
எத்தனை வருஷமாகச் சொல்லியும்
என் காதில் அது விழுந்ததேயில்லை.

அவன் ஊதினான், அறைந்தாற்போல்.
யோசெலின் குழலை உதட்டில் வைத்தபடி சும்மா இருந்தாள்.
"ஊது!"
"மாட்டேன். நீ எல்லா இடத்திலயும் இருக்க.
எனக்கு எடமே இல்ல."

காது சிவந்தது அவனுக்கு.
நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
மூச்சை விட்டான். குழலில் அல்ல, வெறுமனே.
பிறகு மெல்ல ஒரு சுரம்.
நிறுத்தினான்.

விழுந்த முன்பல்லின் சந்தில் பாதிக் காற்று கசிய
யோசெலினின் சுரம் வந்தது,
தப்பாக, பக்கத்து மூங்கிலிலிருந்து.
அவன் திரும்ப ஊதினான்.
அவள் திரும்பத் தப்பினாள்.
ஆறாவது தடவையோ ஏழாவதோ, தைத்துக்கொண்டது;
மூன்று சுரம் போய் மறுபடி அறுந்தது.

எல்லோரும் போன பிறகும் லிம்பெர் நின்றான்.
"ஏழு மூங்கில் இருக்கிறதையும் எடுத்துட்டுப் போகட்டுமா?"
"உன்னோடது ஆறுதானே?"
"அது எனக்கில்ல."
செருப்பைத் தரையில் தேய்த்தான்.
"அம்மாவுக்கு ஊதத் தெரியாது.
ஆனா உக்காந்திருப்பாங்க."

இரவல் பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
சிக்கு, பாதி.
யோசித்துவிட்டு அடித்தேன்.
சிக்கு, ஒன்று.