ஈரத்துக்குக் கழிவு

நோர்வூட்டில், நிஸ்தாரின் டயர்க் கடைக்குப் பின்னால்
சனிக்கிழமை ஏழு மணிக்கு ஐந்து பேர்.
வாசர் ஒன்று, நட்டு ஐந்து, போல்ட் இருபத்தைந்து.
காசு கிடையாது.
கடைசியில் வெறுங்கையாய் நிற்பவர்
எல்லாருக்கும் பராட்டா.

இரண்டு வருசத்தில் நான் வாங்கிய பராட்டாவை அடுக்கினால்
பாலத்துக்கு இன்னொரு தூண் எழுப்பலாம்
என்பான் தபால்கார லலந்த.
தமிழில் பகிடி பண்ணுவான்,
தோற்றால் மட்டும் சிங்களத்தில் ஏசுவான்.

எனக்கு மடக்கிப் போட மனம் வராது.
ஏழும் இரண்டும் கையில் வந்தாலும்
மேசையில் விழப்போகும் ஐந்தில்
எனக்கென்று ஏதோ இருக்கும் என்று இருப்பேன்.
ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பேர்.
ஆற்றைக் காணும்வரை போகிறவனை
ஆறே கொண்டுபோகும் என்பாள் ரொசாலி.
தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டுகிறவள்.
கொட்டாவி விட்டபடி ஏழு கை மடக்குவாள்.
எட்டாவதில் என் போல்ட் எல்லாம் அவள் பக்கம்.

முடிந்ததும் ஒரு கையை மறுபடி விரிப்பது வழக்கம்.
யாரும் யாரையும் பழிப்பதில்லை,
வாயில் பராட்டா இருக்கும்.
"எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம்?"
அவ்வளவுதான் கேள்வி,
பள்ளத்தில் சரிந்த லொறியைச் சுற்றி நிற்பவர்கள்போல.
கணக்கு வாத்தியார் பன்னீர் கொப்பியில் குறிப்பான்:
ஒரே சாதிக்கு இன்னும் ஒன்று வேணும்,
காணாத சீட்டு நாற்பத்தாறு, உதவுவது ஒன்பது,
ஐந்தில் ஒரு தரம் கிடைக்கும்,
நாலு தரம் இவன் பராட்டா வாங்குவான்.

ஜூன் மழை தகரத்தில் இரைந்த ஒரு சனி,
ஒன்றுமே இல்லாத கையோடு
இருந்த போல்ட் எல்லாவற்றையும் தள்ளினேன்.
மூவர் மடக்கினார்கள்.
ரொசாலி என் முகத்தைப் பார்க்கவில்லை.
"கால்" என்றாள்.
இரண்டு எட்டு வைத்திருந்தாள். வெறும் இரண்டு எட்டு.

பிறகு விரித்தபோது சொன்னாள்:
"பொய்யா ஆடுறப்ப
சட்டைப் பை பேனையை அமுக்குறீங்க. டிக், டிக்."
நிஸ்தார் சிரித்தான்.
"நான் முதல் மாசமே கண்டுட்டேன்.
சொன்னா பராட்டா போயிருமே."

திங்கள் பின்னேரம் மடுவம்.
நான் கொழுந்து நிறுக்கிறவன்.
இன்னாசியம்மாவின் சாக்கு இருபத்தொன்று.
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப் பேர்.
"ஈரத்துக்கு நாலு"
என்று வாய் சொன்னது.
விரல் பேனையில் இருந்தது.

அவள் பின்னால் நின்றவளைப் பார்த்தாள்.
அவள் அடுத்தவளை.
வரிசை முழுக்க ஒரு சின்ன வாய்க்கோணல்
இறங்கிப் போயிற்று.
"எத்தனை நாளாத் தெரியும்?" என்றேன்.
எது என்று அவள் கேட்கவில்லை.
"நீங்க வந்த வருசமே.
மழை பேஞ்சிருந்தா ஒரு டிக்கு.
காஞ்ச கொழுந்துன்னா ரெண்டு."

ஒன்பது வருசம்
என் சீட்டை எல்லாம் முகம் மேலாக வைத்து
ஆடியிருக்கிறேன்,
மடக்க வழியில்லாதவர்களோடு.

அன்றோடு கழிவை நிறுத்தினேன் என்று எழுதினால்
அழகாய் முடியும்.
மேலே துரை இருக்கிறார்.
ஃபெக்டரித் தராசு இருக்கிறது.
பேனையை மேசையில் வைத்தேன்.
அவள் கண்ணைப் பார்த்து
"ஒன்று" என்றேன்.
அவளும் பார்த்தாள்,
ரொசாலியைவிட நிதானமாக.
இருபது என்று எழுதும்வரை நகரவில்லை.

அடுத்த சனி ஒன்றரை மணிநேரம் மடக்கினேன்.
பேனையை வீட்டில் விட்டு வந்திருந்தேன்.
பன்னீர் என்னை இரண்டு தரம் பார்த்துவிட்டுக்
கொப்பியில் ஏதோ எழுதினான்.
லலந்த சிங்களத்தில் ஏசிக்கொண்டே
குடையை விரித்துக் கடைக்குப் போனான்.

இன்று எந்தக் கையை விரிக்கலாம் என்று கேட்டார்கள்.
எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம்.
திங்கட்கிழமையைச் சொல்ல வாயெடுத்து,
சூடாக இருந்தது,
பராட்டாவைப் பிய்த்தேன்.