ஏதாவது சொல்ல விரும்பினால்

படிவத்தின் கடைசிக் கட்டம் இது.
'ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று அச்சடித்து
இரண்டு கோடு மட்டும் விட்டிருக்கிறீர்கள், ஜெமிமா மேடம்.
பத்தாது. பின்பக்கமும் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று.
இரவு ஒன்பதுக்கு நாக்கடியில் நாலு சொட்டு.
காலையில் வலி எத்தனை, பூஜ்ஜியம் முதல் பத்துக்குள்.
ஆறு. ஏழு. ஆறு. ஆறு.
இருபத்திரண்டு வருஷம்
மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ் ஏற்றியவன்,
பதினாலு கொண்டை ஊசியையும் எண்ணிப் பழக்கம்.
வலிக்கு யாரும் மைல்கல் நட்டதில்லை.
ஏழு எங்கே முடிந்து எட்டு எங்கே தொடங்குகிறதென்று
குத்துமதிப்பாக ஹாரன் அடித்துத் திரும்புகிறேன்.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்னார்:
மூங்கில் முதுகு.
கணுவோடு கணு ஒட்டிக்கொண்டதாம்.
மூங்கில் வளையுமே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அந்த மாதமே ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு
டெப்போவில் டோக்கன் எழுத உட்கார வைத்தார்கள்.
குணவதி பின்னாலிருந்து கூப்பிட்டால்
முழு உடம்பையும் ரிவர்ஸ் எடுக்கிறேன்,
இடம் பார்த்து.

இந்தச் சொட்டில் அது இருக்கிறதா, வெறும் எண்ணெயா,
எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதாம்.
டாக்டருக்கும் தெரியாது.
பூட்டிய அலமாரிக்குள் ஒரு தாளுக்கு மட்டும் தெரியும்.
மூடுபனியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கை நம்பி
வரிசையாகப் போவோமே,
முதல் வண்டிக்காரனும்
யாரையோ நம்பிப் போகிறான் என்கிற மாதிரி.

குணவதி அதன் பெயரைச் சொல்வதில்லை.
'அந்த எண்ணெய்' என்பாள், ஜன்னலைச் சாத்திவிட்டு.
மகளைப் பார்க்க இறங்கியபோது பர்லியாரில்
போலீஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
மூன்று முத்திரை வைத்த கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
'வேலை செய்யுதா?'
'தெரியாது சார்.'
சத்தியமான பதில் அதுதான். அவர் நம்பவில்லை.

இனி, சொல்ல வந்தது.

கட்டபெட்டு போஜனை உங்களுக்குத் தெரியும்.
கேரட் தோட்டக்காரர். என் வியாதிதான், என்னைவிட முற்றியது.
முன்னால் கவிழ்ந்தபடியே உறைந்துவிட்டார்.
அண்ணாந்து பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறதாம்.
மழை வருமா என்பதைத்
தன் நிழலைப் பார்த்துச் சொல்வார்.
மூன்றாம் வாரம் டீக்கடையில்
'எனக்குத் தூக்கம் வருதுங்க' என்றார்,
தப்பு பண்ணியவர் மாதிரி.
எனக்கு வரவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்தோம்.
யார் முதலில் குப்பியை நீட்டியது என்று ஞாபகமில்லை.
ஞாபகம் இருக்கிறது. நான்தான்.

ஒரே மாதிரிப் பழுப்புக் குப்பி, நம்பர் மட்டும் வேறு.
ஏழு நாளைக்கு மாற்றிக்கொள்வதென்று பேச்சு.

அந்த வாரம் நான் எழுதியது: நாலு, மூன்று, நாலு, மூன்று.
ஐந்தாம் இரவு விழிப்பு வந்தது. வலியால் இல்லை.
வீட்டை ஒட்டிய தேயிலைக்குள்
காட்டெருமை ஒன்று மூச்சு விடும் சத்தம்.
மல்லாந்து படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.
அது போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்தா, இன்னொருத்தர் குப்பி என்ற ஆசையா,
உங்கள் தாள் சொல்லும்.
சொல்லாமலும் போகலாம், நாங்கள் கெடுத்துவிட்டோம் அல்லவா.
அந்த வாரத்தைச் சிவப்பு மையில் அடித்துவிடுங்கள்,
இரண்டு பேர் கணக்கிலும்.
அவர் படிவத்தில் என்ன எழுதினாரென்று
நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

ஏழாம் நாள் கட்டபெட்டில் இறங்கினேன்,
குப்பி சட்டைப் பையில்.
என் செருப்பைப் பார்த்து அடையாளம் கண்டு
'வாங்க டிரைவர்' என்றார்.
கண் கீழே செருகியிருந்தது.
டீக்கு அவரே காசு கொடுத்தார்.
கேரட் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு
அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எட்டாம் நாள்தான் கொடுத்தேன்.
நடுவில் ஒரு ராத்திரி. நாலு சொட்டு. வலி இரண்டு.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, மேடம்?