மூன்று விசில்

வாவாவுக்குத் தெற்கே, பதினேழாம் நெடுஞ்சாலையில்
கைப்பேசியின் மூன்று கோடு இரண்டாகி ஒன்றாகி
ஒன்றுமே இல்லாமல் போகிற இடத்தில்
இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
அந்தக் கோடை எனக்கு அங்கே வேலை.

அறுபத்திரண்டு கூடார மனைகள்.
விறகுக் கொட்டில், குளியலறை, பனிக்கட்டிப் பெட்டி.
ஐரீன் லெஹ்டோ முதல் நாள் தந்தவை
ஒரு தகர வாளி, ஒரு கைமண்வெட்டி,
கழுத்தில் தொங்க ஒரு விசில்.
‘மூன்று ஊதினால் கரடி.
இரண்டு ஊதினால் பிள்ளையைக் காணவில்லை.
ஒன்று ஊதினால் நீ விளையாடுகிறாய்,
அன்று சம்பளம் இல்லை.’

காலையில் மற்றவர்களின் இரவை அள்ளுவேன்.
சாம்பலுக்குள் போத்தல் மூடி, சோளக் கதிர்த்தண்டு,
யாரோ வேண்டாமென்று எறிந்த மூக்குக்கண்ணாடி.
ஒருமுறை பாதி எரிந்த வரைபடம்:
வீடு திரும்பும் பாதி போயிருந்தது.

சுப்பீரியரை
ஏரி என்று சொல்ல வாய் கூசும்.
மறுகரை காட்டாத ஒன்று எப்படி ஏரி?
உப்பில்லை, அவ்வளவுதான்.
யூலையில் முழங்கால்வரை இறங்கினேன்,
எலும்புக்கு எலும்பு என் பெயரை மறந்தது.

செவ்வாய் விடுமுறை.
டெனிஸின் டிரக்கில் வடக்கே ஒரு வாரம், தெற்கே ஒரு வாரம்.
வாவாவில் இரும்பு வாத்தின் நிழலில்
உருளைக்கிழங்குச் சிப்ஸ் தின்றோம்.
எரிந்துபோன குன்றில் புளூபெரி பறித்தோம்;
கரடியும் பறித்திருந்தது,
பாதையெல்லாம் அதன் எச்சம் ஊதா.
அகாவாவில் சரிந்த பாறை விளிம்பில்
சங்கிலியைப் பிடித்து நின்றோம், அலை செருப்பை நக்கியது.
காவிச் சிவப்பில் ஒரு படகு,
அதற்குள் ஆட்கள் வெறும் கோடுகளாய்,
பக்கத்தில் கொம்பு முளைத்த ஏதோ.
டெனிஸ் சட்டைப்பையிலிருந்து புகையிலைத் துகள் எடுத்து
நீரில் இட்டாள். அவள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.
திரும்பும் வழி முழுக்க
அவளுடைய முன்னாள் காதலனைத் திட்டினோம்.

ஓகஸ்ட் நீள் வார இறுதி.
ஒரு மனையும் மிச்சமில்லை.
ஞாயிறு காலை ஆறு நாற்பது,
பனிமூட்டம் இன்னும் எழவில்லை,
எங்கிருந்தோ விசில்.
மறுபடி.
மறுபடி.

கூடார ஜிப்புகள் ஒரே நேரத்தில் கிழிபடும் ஓசை.
பிள்ளைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு
இருநூறு பேர் கார்களுக்குள்.
ஒரு தாத்தா, கையில் பல்தூரிகை, வாயில் நுரை.
நான் வாளியை எறிந்துவிட்டு ஓடினேன்,
விசில் என் கழுத்திலேயே கிடந்தது
என்பது பாதித் தூரத்தில்தான் உறைத்தது.

இருபத்துமூன்றாம் மனை.
எஜாக்ஸிலிருந்து வந்த வேன்.
மடக்கு மேசை, கேஸ் அடுப்பு,
அதன்மேல் குக்கர்.
கம்பளிச் சால்வைக்குள் ஒரு பெண்
என் பெயர்ப் பட்டையைப் படித்தாள்:
‘செந்தூரி! தமிழே?
பருப்பு, பிள்ளை. இன்னும் ஒண்டு வரவேணும்.’

நாலாவது விசில் எதற்கென்று
ஐரீன் சொல்லித் தந்திருக்கவில்லை.
கண்ணாடிகளுக்குப் பின்னால் நானூறு கண்.
பருப்பு என்பதை
ஆங்கிலத்தில் எப்படிக் கத்துவது?
‘சூப்!’ என்று கத்தினேன்.
‘சூப்தான்! வெளியே வாருங்கள்!’

ஐரீன் சிரிக்கவில்லை.
இரண்டு அகப்பை வாங்கிச் சாப்பிட்டாள்,
பிறகும் சிரிக்கவில்லை.
மறுநாள் அறிவிப்புப் பலகையில் புது வரி:
கரடி என்றால் மணி.

செப்டெம்பர் இருபத்தாறு.
குழாய்களில் நீர் வடித்து, கடைசி அறையையும் பூட்டினேன்.
பேர்ச் இலைகள் மஞ்சளாய், சத்தமில்லாமல்.
அப்போதுதான் அது வந்தது,
தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல்.
இருபத்துமூன்றில் நின்றது.
மடக்கு மேசை இருந்த இடத்தை
நெடுநேரம் முகர்ந்தது.
மணிக்கயிறு பத்தடியில்,
விசில் நெஞ்சில்.
அறுபத்திரண்டு மனையும் காலி.
யாரை எழுப்ப?

பொருள் ஒப்படைப்புத் தாளில் எழுதினேன்:
வாளி ஒன்று, நெளிந்தது.
மண்வெட்டி ஒன்று.
விசில் ஒன்று, ஊதப்படவில்லை.