கரண்டிக் கணக்கு

பிறர் முடித்த பயணங்களைத்
திருப்பி ஓட்டிவருவது என் வேலை.

சாக்ரெஷ் முனையில் வண்டியை விட்டுவிட்டு
அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள்.
நான் பேருந்தில் போய் இறங்கி
வடக்கே செதூபல் கிடங்குவரை
வீட்டையே ஓட்டி வருவேன்.
வீடுதான். அடுப்பு, மெத்தை, தண்ணீர்த் தொட்டி,
பூப்போட்ட திரை.
பதினோரு வருடம். ஒரு ராத்திரி படுத்ததில்லை.

ஆட்களைப் பார்த்ததில்லை, ஆனால் தெரியும்.
இருக்கை பின்னுக்குப் போயிருந்தால் நெட்டையன்.
நடுக்கண்ணாடி கீழே சாய்ந்திருந்தால்
பின்னால் குழந்தை.
மெத்தையில் ஒரு பாதி மட்டும் குழிந்திருந்தால்
அதை நான் அறிக்கையில் எழுதுவதில்லை.

மணல் எல்லோருக்கும் பொது.
எவ்வளவு பெருக்கினாலும்
பிரேக் போடும்போது
எங்கிருந்தோ ஒரு பிடி ஓடி வரும்.

தெற்கே போகும்போது
ஓட்டுகிறவருக்குக் கடல் அந்தப் பக்கம்.
யாராவது "பார், பார்" என்று சொல்ல வேண்டும்.
திரும்பும்போது என் முழங்கையருகே.
சொல்ல ஆளில்லாததால்
நானே பார்த்துக்கொள்கிறேன்:
அலை அடிக்கும் ஒற்றைப் பாறையின் உச்சியில்
விறகுக் கட்டுபோல் ஒரு கூடு,
காற்றில் ஒரு காலை மாற்றிக்கொண்டு
நாரை.

இந்த முறை, கரண்டி எண்ணும்போது,
இழுப்பறையின் அடியில் வரைபடம்.
எண்ணெய்க் கறை. கடற்கரையெல்லாம் டிக் அடித்திருந்தது.
உள்ளே, குன்றுகளுக்கு நடுவே,
பெயர்கூட அச்சிடாத ஓர் இடத்தில்
பென்சில் வட்டம்.
பக்கத்தில் ஜெர்மனில் ஒரே சொல்.
கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன்:
நாளை.

அவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே
வண்டியை ஒப்படைத்துவிட்டார்கள்.

கிராந்தொலா தாண்டியதும் வலப்பக்கம் ஒடித்தேன்.
கடல் கண்ணாடியில் சுருங்கி
நீலக் கோடாகி, இல்லாமல் போனது.
யூகலிப்டஸ் நெடி. பிறகு அதுவும் இல்லை.
தார் முடிந்து செம்மண்;
ஆறு கரண்டியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.
தக்கை மரங்கள். வெயில்.
ஒரே மரத்தில் இரண்டு கோடாலி,
பெல்மிரோ இந்தப் பக்கம், செல்சு அந்தப் பக்கம்.
மச்சினர்கள்.
ஒரு டிராக்டர் விற்ற காசில் தகராறு,
நான்கு மாதமாய்ப் பேச்சில்லை.
இதை எனக்குச் சொன்னார்கள்,
தனித்தனியாக.

ஆனாலும் பட்டை கிழியும்போது
இருவர் கையும் ஒரே நேரத்தில் போனது.
ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்,
அரை உடம்பு சிவந்து நின்றது மரம்.
செல்சு வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதினான்,
இந்த வருடத்தின் கடைசி இலக்கம்.
ஒன்பது வருடம் இனி தொடக்கூடாதாம்.
"அவனிடம் சொல்லுங்கள்,
அந்த வளைந்த மரம் இந்த வருடக் கணக்கில் இல்லை."
மூன்றடி தள்ளி நின்றவனிடம்
நான் சொன்னேன்.
"தெரியும் என்று சொல்லுங்கள்."

சுற்றுலாவா என்றார்கள்.
வாயில் என்ன வந்ததோ, ஆமாம் என்றுவிட்டேன்.
பிறகு சுற்றுலாக்காரி செய்வதைச் செய்ய வேண்டியதாயிற்று:
அந்த அடுப்பை முதன்முறையாகப் பற்றவைத்தேன்.
மூன்று குச்சி வீண்.
ஒருவன் பக்கவாட்டுக் கதவில், ஒருவன் பின்கதவில்,
நடுவில் நான், காப்பி,
சர்க்கரை ஒரே கரண்டியில்
கை மாறிக் கை போனது.
"நல்ல வீடு" என்றான் பெல்மிரோ,
கூரையைத் தட்டிப் பார்த்து.
"கதவு ஆடுகிறது" என்றான் செல்சு.
அது எனக்கா, அவனுக்கா,
தெரியவில்லை.

கிடங்கில் இவோன் பலகையோடு காத்திருந்தாள்.
நாற்பத்தொரு கிலோமீட்டர் அதிகம்.
வழி தவறிவிட்டது, என்றேன்.
பதினோரு வருடமாய் ஒரே ரோடு, என்றாள்.
ஆமாம், என்றேன்.

வரைபடத்தைக் கேட்கவில்லை. அது பட்டியலில் இல்லை.

இழுப்பறையை இழுத்து விரலால் எண்ணினாள்.
தட்டு நான்கு. கோப்பை ஆறு.
கரண்டி ஆறு.
ஒன்றில் விரல் நின்றது.
இன்னும் ஈரம்.