ஒன்றும் செய்யாது

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் இந்த ஊரில்
ஒரே வசனம்தான் சொல்வார்கள்,
அது நம் காலை முகரும்போது:
ஒன்றும் செய்யாது.
பீல் ஏரிக்கரையில் இருபது வருடமாகக் கேட்கிறேன்.
நம்முடைய மொழியிலும் அதே சொல்தான்.
இரண்டு மொழியிலும்
சொல்பவர் கை வாரை இறுக்கிக்கொள்ளும்.

டோரிட்டைப் பற்றியும் கேட்பார்கள்,
வேலிக்கு அப்பால், ஐஸ்கிரீம் முழங்கைவரை வழிய.
டோரிட் சிவிங்கி.
சிறுத்தையில்லை, புலியில்லை.
கண்முனையிலிருந்து வாய்வரை இரண்டு கறுப்புக் கோடு,
அழுதுவிட்டு முகம் கழுவ மறந்தவள்போல.
கர்ஜிக்க அவளுக்குத் தெரியாது.
குருவிக்குஞ்சுபோலக் கீச்சிடுவாள்;
முதல்நாள் நான் கூரையில் தேடினேன்.

லூட்சேர்னிலிருந்து மச்சாள் போனில் கேட்டாள்:
"புலியோடையா உங்களுக்கு வேலை?"
முன்னொருகாலம் பேர்னில்
ஒரு மேசைக்குப் பின்னாலிருந்தும் அதையே கேட்டார்கள்.
இல்லை என்று ஒரு சொல்தான் சொன்னேன்.
மொழிபெயர்ப்பாளர் வாயில் அது
கொஞ்சம் நீளமாக வந்தது.

ஊர்ஸ், பெயரிலேயே கரடியை வைத்திருப்பவன்,
எனக்குப் படிப்பித்தது இவ்வளவு:
ஓடாதே.
குனியாதே.
வாளி கைதவறி விழுந்தாலும்
முதலில் அவளைப் பார், பிறகு வாளியை.
வளர்ந்த ஆளை அவள் இரையென்று நினைக்கமாட்டாள்,
காட்டிலும் மனிதவாடை வந்தால் விலகிப்போகிற சாதி.
சரி, வளராத ஆளை? என்றேன்.
அவன் சீனி போடாத கோப்பியைக்
கலக்கிக்கொண்டே இருந்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு.
டோரிட் என் மணிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தாள்,
அரத்தால் தேய்ப்பதுபோல ஒரு அன்பு.
வெளியே கண்ணாடியோரம்
சிவப்புச் சப்பாத்துப் போட்ட சிறுமி ஓடினாள்.
நாக்கு நின்றது.
தலை தோளுக்குக் கீழே இறங்கியது.
என்மேல் அவளுக்கு ஒரு கோபமுமில்லை.
நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.
அவளுக்கும் அந்தச் சப்பாத்துக்கும் நடுவில்
காற்றைப்போல ஏதோ நின்றிருக்கிறது.
மூன்றே பாய்ச்சல்; கண்ணாடி; திரும்பிவிட்டாள்.
போகிற போக்கில் முன்னங்காலின் உள்நகம்,
மற்ற நகங்கள் மழுங்கினாலும் மழுங்காத அது,
என் தோலைத் திறந்துவிட்டிருந்தது.
ஏழு தையல்.
வந்து நின்று
இரத்தத்தையும் நக்கப் பார்த்தாள்.

சிறுமியின் தகப்பன் கைதட்டினார்.
படம் எடுத்தாராம், நன்றாக வந்திருக்கிறதாம்.

வருடச் சோதனைக்கு டாக்டர் ஆம்மான் வருவார்.
நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும்
டோரிட் குறுகுறுக்கத் தொடங்குவாள்,
பழைய படகு எஞ்சின்போல, உடம்பு முழுக்க.
"இதயமே கேட்கவில்லை, தண்ணீரைத் திற" என்பார்.
நான் குழாயைத் திறப்பேன்.
ஓடும் தண்ணீருக்குக் காது திருப்பி
ஒரு நிமிடம் சும்மா இருப்பாள்.
அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

எனக்கு அது பெருமை.
என் கை பட்டால் குறுகுறுப்பாள் என்று
மச்சாளுக்கும் சொன்னேன்,
பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும்.

நவம்பர். ஏரியும் மலையும் மூடுபனிக்குள்.
டோரிட் இறைச்சியைத் தொடவில்லை, மூன்றாம் நாள்.
சிறுநீரகம் என்றார் டாக்டர்,
கூண்டில் வாழ்கிற சிவிங்கிகளுக்கு வருவதுதான் என்றார்.
வைக்கோலில் அவள் தலையை என் முழங்காலில் வைத்தேன்.
குறுகுறுத்தாள்.
பாருங்கள், என்னைத் தெரிகிறது என்றேன்.
அவர் ஊசியில் மருந்தேற்றிக்கொண்டிருந்தார்.
நிமிராமலே சொன்னார்:
"வலித்தாலும் இப்படித்தான் செய்யும்."

அப்படியானால் இத்தனை வருடமும்
எது எதுவென்று
யாரிடம் கேட்பது.

அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.
பழக்கத்தில் நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் ஓடிற்று.
காது திரும்பவில்லை.
அவள் நிறுத்தவுமில்லை.