எட்டாத இடம்

கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவேன்,
சட்டையைக் கால்சட்டைக்குள்.
வெளிர்நிறம்தான் உடுத்துவது,
கறுப்பாய் ஊர்வது கண்ணில் படவேண்டுமே.
அழகு பார்க்க இங்கே பிர்ச் மரங்கள்தான்.
அவையும் வெள்ளைதான் உடுத்துகின்றன,
அதே காரணத்துக்கோ என்னவோ.

மரம் எண்ணுவது என் வேலை.
சாரெமா தீவின் வடகரையில்
துண்டு துண்டாய்ப் பிரித்த காட்டில்
மார்பளவு உயரத்தில் நாடா சுற்றி
சுற்றளவு குறிக்கவேண்டும்.
மே பிறந்தால் புல்நுனியில் உண்ணிகள்
முன்னங்கால் இரண்டையும் விரித்துக்கொண்டு
பேருந்துக்குக் கைகாட்டுகிறவர்கள் மாதிரி.
பறக்காது, தாவாது.
யாராவது வருவார்கள் என்றிருக்கும்.
எனக்கு அந்த நம்பிக்கை போய் நாளாயிற்று.

மாலையில் சௌனாவுக்கு முன் சோதனை.
முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம்,
மார்பின் அடிமடிப்பு.
வயது ஏற ஏற
அங்கே தேடவேண்டிய நிலம் கூடுகிறது.
முதுகு மட்டும் ஹெல்துரின் பொறுப்பாயிருந்தது.
"மச்சம் பதினேழு, வேறொன்றுமில்லை" என்பான்.
இப்போது பின்லாந்தில் கூரை போடுகிறான்.
வேறொருத்தியின் மச்சங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம்.
எண்ணட்டும்.

நான் இரண்டு கண்ணாடி வாங்கினேன்.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
இடம் வலமாகும், வலம் இடமாகும்,
கை தப்பான தோளுக்குப் போகும்.

ஜூனில் ஒரு வியாழன்.
வலத் தோள்பட்டைக்குக் கீழே
பதினெட்டாவது மச்சம்.
எட்டுக்கால்காரி
எட்டாத இடமாய்ப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.
வெண்ணெய் தடவு, சூடு வை என்பார்கள்.
கூடாது. மிரண்டால்
வயிற்றில் இருப்பதையெல்லாம் உள்ளே துப்பிவிடும்.

அரை கிலோமீட்டரில் இருப்பது ஒரே கூரை.
லெம்பி வீடு.
பேசி மூன்று வருடம் ஆகிறது.
எல்லைக் கல்லுக்கு அந்தப் பைன் மரம்
எந்தப் பக்கம் என்று ஆரம்பித்து
செத்துப்போன இரண்டு மாமியார்கள் வரை போன சண்டை.

கதவைத் தட்டி "உண்ணி" என்றேன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

மீன்முள் எடுக்கும் இடுக்கி, நுனி மெலிந்தது.
"மரம் வெட்டுகிறவள் மாதிரி விறைக்காதே."
"எண்ணுகிறவள்."
"சரி, எண்ணு."
தோலை ஒட்டிப் பிடித்தாள்.
முறுக்காமல், நேராக, மெதுவாக.
ஐந்து சொல்லும்போது வந்துவிட்டது.
வாயும் முழுதாய் வந்ததா என்று
விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்,
சண்டையில் என்னைப் பார்த்த அதே பார்வை.

ஒட்டுநாடாவில் பொதிந்து
நாட்காட்டியின் அன்றைய கட்டத்தில் ஒட்டினாள்.
என் உண்ணி அவள் சுவரில்.
"ஒரு மாதம் கவனி. சிவப்பு வளையம் விரிந்தால்,
காய்ச்சல் கண்டால், நேரே மருத்துவரிடம் போ.
மூளைக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறாயா?"
"மூன்றும்."
"அந்தப் பைன் என்னுடையது" என்றாள் அடுத்து.
"இல்லை" என்றேன், பொத்தான் போட்டபடி.

கதவுவரை போய்விட்டேன்.
திரும்பினால், முதுகைக் காட்டி நிற்கிறாள்,
சட்டை கழுத்துவரை ஏறியிருக்கிறது.
"காட்டு ஸ்ட்ராபெர்ரி பறித்ததிலிருந்து அரிக்கிறது.
கண்ணாடி இரண்டும் பொய் சொல்கின்றன."

ஒன்றுமில்லை.
உள்ளாடைப் பட்டி பதிந்த பள்ளம்,
கொசு கடித்த மேடு இரண்டு.
ஆனாலும் தோள் முதல் இடுப்பு வரை
துண்டு துண்டாய்ப் பிரித்துக்கொண்டு
ஒரு மரமும் விடாமல் பார்த்தேன்.
"எத்தனை?" என்றாள் சுவரிடம்.
"மச்சம் ஒன்பது."
"ஒன்பதா" என்றாள்,
தன் ஊருக்குள் இருந்த ஒரு தெருவை
முதல் முறை கேள்விப்பட்டவள் மாதிரி.

பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.
புல்லை விட்டுச் சரளைப் பாதையில் வந்தேன்.
பைனைக் கடக்கையில் நாடாவை எடுத்தேன்.
நூற்றுப் பதின்மூன்று சென்டிமீட்டர்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
என் பெயரைத்தான் எழுதினேன்.
பென்சிலால்.